காத்திருப்பவர் யார்? – ஒரு ஸ்பானிய வினைச்சொல்லை முன்வைத்து

ஸ்பானிய மொழியைக் கற்கத் தொடங்குவோர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் வினைச்சொற்களுள் ஒன்று ‘தர்தார்’. காலம் எடுத்துக்கொள்ளுதல், வருவதற்கோ முடிப்பதற்கோ நேரம் செல்லுதல், பிந்துதல் என்றெல்லாம் இதற்குப் பொருள் கூறலாம். ‘மெதுவான’ என்று பொருள்படும் ‘தார்துஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே இதன் வேர். பார்வைக்கு மிக எளிய சொல். ஆயினும் இச்சொல்லைத் துணையாகக் கொண்டு ஸ்பானிய இலக்கியத்தின் சில பெரும் படைப்புகளுக்குள் நாம் நுழைவோமானால், தாமதம் என்பதைப் பற்றி நாம் இதுகாறும் கொண்டிருந்த எண்ணத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கணத்திலிருந்தே தொடங்குவோம். ஒரு கடிதம் வந்துசேர மூன்று நாள் ஆகும் என்கிறோம் நாம். இங்கு ‘ஆகும்’ என்னும் வினைக்கு எழுவாய் ‘மூன்று நாள்’. ஸ்பானியரோ கடிதத்தையே எழுவாயாக்கி, அது வந்துசேர்வதில் மூன்று நாள் எடுத்துக்கொள்கிறது என்னும் பொருள்பட ‘தர்தார்’ என்பர். விருந்துக்குப் பிந்திச் செல்லும் நாம் வாசலில் நின்று, “நேரமாகிவிட்டது” என்கிறோம். நேரம் தானாகவே ஆகிவிட்டது. அதில் நமக்குப் பங்கேதும் இல்லை! இப்படிச் சொல்லித் தப்பிக்க ஸ்பானிய மொழியிலும் வழி உண்டு என்பது உண்மையே. ஆனால் ‘தர்தார்’ என்னும் வினையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் அந்த வழி அடைபட்டுவிடுகின்றது. பிந்தியவர் எவரோ அவரே எழுவாயாக வந்து நிற்க வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ‘துரார்’ என்னும் வேறொரு ஸ்பானிய வினை, ஒரு செயல் நீடிக்கும் காலத்தைக் குறிக்கும். பயணம் இரண்டு மணி நேரம் நீடிக்கின்றது என்னுமிடத்தில் ‘துரார்’ வரும். இரயில் வந்துசேர இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கின்றது என்னுமிடத்தில் ‘தர்தார்’ வரும். கடிகாரம் காட்டும் காலம் இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு யாது? முன்னதில் கழிகின்ற காலம் மட்டுமே பேசப்படுகின்றது. பின்னதில் வந்துசேர வேண்டிய ஒரு முடிவு இருக்கின்றது. அந்த முடிவை நோக்கி எவரேனும் கண்வைத்திருந்தால்தான் இவ்வினைக்கு உயிர் உண்டாகின்றது. எவரும் எதிர்பாராத ஒருவர் எத்துணை மெதுவாக வந்தாலும் பிந்தினார் என்று சொல்வார் யாருமில்லையன்றோ?

இங்குதான் தமிழில் பெயர்ப்போர்க்குச் சிக்கல் எழுகின்றது. ‘தாமதம்’ என்னும் சொல் வடமொழித் ‘தாமச’த்தின் திரிபு, இருளும் மந்தமும் பொருந்திய தமோ குணத்தோடு உறவுடையது. எனவே அச்சொல்லைப் பயன்படுத்தும்போதே ஒரு குற்றச்சாட்டின் நிழல் படிந்துவிடுகின்றது. ‘சுணக்கம்’, ‘காலந்தாழ்த்துதல்’ ஆகியனவும் அத்தகையனவே. ‘தர்தார்’ அவ்வாறு தீர்ப்பு எழுதுவதில்லை. குறித்த நேரத்தில் தவறாது வரும் இரயிலுக்கும் அதே வினை. வாக்குத் தவறியவனுக்கும் அதே வினை. குற்றமா இல்லையா என்பதைச் சொல் தீர்மானிப்பதில்லை. காத்திருப்பவர் யார், அவர் படும் பாடு என்ன என்பதே தீர்மானிக்கின்றது.

இவ்வினையின் இலத்தீன் முன்னோரை நம் வாசகர்கள் விவிலியத்திலேயே சந்திக்கலாம். புனித எரோணிமுவின் இலத்தீன் மொழிபெயர்ப்பாகிய வுல்காத்தாவில், லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், செக்கரியா திருக்கோவிலுக்குள் நெடுநேரம் தங்கிவிட்டதைக் கண்டு வெளியே மக்கள் வியப்புறும் இடத்தில் இச்சொல்லே வருகின்றது. உள்ளே அவருக்கு வானதூதரின் காட்சி. வெளியே மக்களுக்குக் காத்திருப்பு. ஒரே பொழுது, சுவரின் ஒரு புறத்தில் அருளாகவும் மறுபுறத்தில் தாமதமாகவும் தோன்றுகின்றது. அபக்கூக்கு இறைவாக்கினர் நூலின் இரண்டாம் அதிகாரத்திலும், அதனை எடுத்தாளும் எபிரேயர் திருமுகத்திலும், வரவிருப்பவர் காலந்தாழ்த்தமாட்டார் என்னும் உறுதிமொழியில் இதே சொல் அமைந்துள்ளது. திருப்பாடல்களில், தாழ்த்தாமல் வரும்படி இறைவனை வேண்டும் குரலிலும் இதுவே ஒலிக்கின்றது. லூக்கா தவிர்ந்த இவ்விடங்களில் எழுவாய் இறைவன், காத்திருப்பவர் மனிதர்.

இந்த அமைப்பைத் தலைகீழாகத் திருப்பியவர் லோப்பே தே வேகா. ஸ்பெயினின் பொற்கால நாடகாசிரியருள் முதன்மையானவர். காதலும் கொந்தளிப்பும் நிறைந்த வாழ்வுக்குப் பின் 1614ஆம் ஆண்டில் குருத்துவத் திருநிலை பெற்றவர். அதே ஆண்டில் வெளிவந்த அவரது சமயக் கவிதைத் தொகுதியில் புகழ்பெற்ற பதினான்கடிப் பாடல் ஒன்று உள்ளது. அதில் இயேசு மனிதனின் கதவண்டை நிற்கின்றார்; குளிர்கால இரவுகளில் பனியில் நனைந்து நிற்கின்றார். உள்ளே இருப்பவனோ நாளைக்குத் திறப்போம் என்கின்றான். மறுநாளும் அதையே சொல்கின்றான். இனிமைமிகு பாடலில் தலைவன் பனியால் நனைந்த தலையோடு கதவைத் தட்டும் காட்சியும், திருவெளிப்பாட்டு நூலில் கதவருகே நின்று தட்டுபவரின் காட்சியும் இங்கு ஒன்றிணைகின்றன.

இப்பாடலின் பெருமை அதன் மனவருத்தத்தில் மட்டும் இல்லை என்பது நம் கருத்து. மனவருத்தப் பாடல்கள் எல்லா நாட்டிலும் மிகுதி. அவற்றுள் பல பாடுவோரின் கண்ணீரைப் பற்றியே பேசி நின்றுவிடுகின்றன. லோப்பே தாமதத்தை அளக்கும் இடம் வேறு. உள்ளே இருப்பவனின் நாள்காட்டியில் அவர் அதனை அளக்கவில்லை. வெளியே நிற்பவரின் உடல்மீது அளக்கின்றார். பனியும் குளிரும் புண்ணும் அங்கே இருக்கின்றன. நாம் ஒத்திப்போடும் ஒவ்வொரு நாளும் இன்னொருவரின் இரவாக விடிகின்றது என்பதை இதனினும் எளிமையாக எவர் காட்ட இயலும்? ஸ்பானிய மொழியில் காலை என்பதற்கும் நாளை என்பதற்கும் ‘மஞானா’ என்னும் ஒரே சொல் என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும். அப்பாடலில் விடியலும் ஒத்திவைப்பும் ஒரே சொல்லுக்குள் நெருங்கி நிற்கின்றன.

திர்சோ தே மொலினாவின் பெயரில் வழங்கும் ‘செவில் நகரின் ஏமாற்றுக்காரன்’ என்னும் நாடகம் 1630ஆம் ஆண்டளவில் அச்சேறியது. திர்சோ என்பது கபிரியேல் தேயெஸ் என்னும் துறவியின் புனைபெயர். உலக இலக்கியம் முழுவதும் உலவும் தோன் ஹுவான் என்னும் பாத்திரம் இந்நாடகத்தில்தான் உருப்பெற்றது. அவன் பெண்களை வஞ்சிக்கின்றான்; இறப்பையும் தீர்ப்பையும் நினைவூட்டி எவர் எச்சரித்தாலும், நீண்ட தவணையல்லவா தருகிறீர்கள் என்று எள்ளி நகைக்கின்றான். கடைக்காரரிடம் கடன் சொல்பவனின் மொழி அது.

தோன் ஹுவானை இறைமறுப்பாளன் என்று கொள்வோர் நாடகத்தைத் தவறாகவே படிக்கின்றனர். அவன் தீர்ப்பை மறுக்கவில்லை, மனமாற்றத்தையும் மறுக்கவில்லை. கடன் உண்டு என்பதை ஒப்புக்கொள்கின்றான். கெடு நாள் தொலைவில் என்று மட்டுமே நம்புகின்றான். இறுதிக் காட்சியில், அவனால் கொல்லப்பட்டவரின் கற்சிலை அவன் கையைப் பற்றுகின்றது. பாவமன்னிப்பு வழங்க ஒரு குருவை அழைக்குமாறு அவன் கெஞ்சுகின்றான். அதற்கு இனி வாய்ப்பில்லை, பிந்தி நினைத்தாய் என்னும் கருத்தில் சிலை விடையளிக்கின்றது. அவ்விடையில் வரும் சொல் ‘தார்தே’. நம் ‘தர்தார்’ என்னும் வினையின் உடன்பிறப்பு. நாடகம் முழுவதும் அவன் பேசியது தவணையின் மொழி. அவனுக்குக் கிடைத்ததோ ஒரே சொல்லில் கணக்கு முடிப்பு. இரக்கமே உருவான இறைவனுக்கு ஒரு துறவி இத்துணைக் கடுமையான முடிவை எழுதலாமா என்று கேட்போர் உண்டு. நம் பார்வையில் அந்தக் கடுமை இறைவனைப் பற்றியதன்று. பிறருடைய காத்திருப்பை முதலாகப் போட்டு வாணிகம் செய்யும் மனத்தைப் பற்றியது.

கடன் என்னும் உருவகம் மொழியிலேயே வேர்கொண்டது. இலத்தீனில் காலந்தாழ்வைக் குறிக்க ‘மோரா’ என்றொரு சொல் உண்டு. கடனைக் கெடுவுக்குள் செலுத்தாதவரை ஸ்பானியர் ‘மொரோசோ’ என்பது அவ்வேரிலிருந்தே. அறநெறி இறையியலும் பாவ எண்ணத்தில் ஊறிக்கிடக்கும் இன்பத்திற்கு இவ்வேரிலிருந்தே பெயர் தந்துள்ளது. அதனை விளக்கும் புனித தோமா அக்குவினார், அது நீடிக்கும் காலத்தால் அப்பெயர் பெறவில்லை, அறிவு அதை விலக்காமல் அதன்மேல் தங்கிநிற்பதாலேயே பெற்றது என்று தெளிவுபடுத்துகின்றார். தாமதத்தை மணிக்கணக்கால் அளக்க இயலாது என்னும் நம் கருத்துக்கு இதனினும் வலிய துணை வேண்டுவதில்லை.

அடுத்து நாம் காண்பது உரைநடை. மரியானோ ஹொசே தே லார்ரா 1833 சனவரியில் வெளியிட்ட ‘நாளைக்கு வாருங்கள்’ என்னும் அங்கதக் கட்டுரை, ஸ்பானிய இதழியலின் அழியாச் சொத்துகளுள் ஒன்று. பிரெஞ்சுக்காரர் ஒருவர் குடும்ப அலுவல்களை முடிக்கவும் முதலீடு செய்யவும் மாட்ரிட் வருகின்றார். அவருக்கு லார்ரா சூட்டிய பெயர் ‘சான்ஸ் தெலே’. பிரெஞ்சு மொழியில் ‘தாமதமில்லாதவர்’ என்று பொருள். பதினைந்து நாளில் எல்லாம் முடியும் என்பது அவர் திட்டம். இருபத்து நான்கு மணி நேரத்தில் தரவேண்டிய மேலங்கியைத் தைத்துத்தரத் தையற்காரர் இருபது நாள் எடுத்துக்கொள்கின்றார். அவ்விடத்தில் லார்ரா கையாளும் வினை ‘தர்தார்’. அலுவலகங்களில் எங்கும் ஒரே விடை: நாளைக்கு வாருங்கள். அரையாண்டு கழித்து அவர் வெறுங்கையோடு நாடு திரும்புகின்றார்.

இக்கட்டுரையை ஸ்பானிய மக்களின் சோம்பலுக்குச் சான்றாகக் காட்டும் பழக்கம் நெடுநாளாக உண்டு. அது கட்டுரையைப் பாதியில் மூடிவைத்தவர்களின் முடிவு. இறுதியில் லார்ரா திடீரெனத் தம்மை நோக்கித் திரும்புகின்றார். இக்கட்டுரைக்குத் தலைப்பிட்டுத் தொடங்கி மூன்று மாதத்திற்கு மேலாகியும், இரவுதோறும் நாளை எழுதலாம் என்று விளக்கை அணைத்துவிட்டதாக ஒப்புக்கொள்கின்றார். அதுவரை தையற்காரரும் எழுத்தரும் எழுவாயாக இருந்த வினைக்கு, இப்போது எழுதுபவரே எழுவாய் ஆகின்றார். அங்கதம் அந்த இடத்தில்தான் இலக்கியம் ஆகின்றது. பிறர் தாமதத்தை எள்ளுவது எளிது. அவ்வினைக்குத் தன்னை எழுவாயாக்கிக்கொள்வது கடினம். நம் அலுவலகங்களில் வரிசையில் நின்று சலித்தவர்களாகிய நாமும், நம்மிடம் விடைக்காகக் காத்திருக்கும் கடிதங்களை ஒருமுறை எண்ணிப்பார்ப்பது நலம்.

இதுவரை கண்ட மூன்றும் குற்றமான தாமதங்கள். ஆனால் ஃபெதெரிகோ கார்சியா லோர்காவிடம் வரும்போது இச்சொல் வேறொரு நிறம் கொள்கின்றது. 1934 ஆகஸ்டு 11ஆம் நாள் மன்சனாரெஸ் என்னும் ஊரில், காளைப்போர் வீரரும் கவிஞர்களின் நண்பருமான இக்னாசியோ சாஞ்செஸ் மெஹியாஸ் காளையால் குத்துண்டார். மாட்ரிட் கொண்டுசெல்லப்பட்டு 13ஆம் நாள் இறந்தார். அவருக்காக லோர்கா எழுதிய இரங்கற்பா 1935இல் வெளிவந்தது. நான்கு பகுதிகள் கொண்டது அது. முதற்பகுதி முழுவதும் மாலை ஐந்து மணி என்னும் பொழுதே பல்லவியாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றது. மாலை என்பதற்கு ஸ்பானியத்தில் ‘தார்தே’. பிந்திவிட்டது என்பதற்கும் அதே சொல். எனவே ஒவ்வொரு முறையும் பொழுது அறிவிக்கப்படும்போது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதும் அடிக்குரலாகக் கேட்கின்றது.

பாடலின் நான்காம் பகுதி முடிவுறும் இடத்தில், அதே வேரில் பிறந்த ‘தர்தார்’ எதிர்கால வடிவில் வருகின்றது. இத்தகைய ஓர் ஆந்தலூசியர் மறுபடி பிறப்பதற்கு நெடுங்காலம் செல்லும், அதுவும் உறுதியில்லை என்பது அவ்விடத்தின் கருத்து. எழுவாயாக இருப்பவர் இன்னும் பிறக்காத ஒருவர். அவரைக் குறைகூற எவரால் இயலும்? காலங்கடந்த ஒன்றில் தொடங்கிய பாடல், காத்திருக்கத் தகுந்த ஒன்றில் முடிகின்றது. ஒரே வேரின் இரு சொற்களுக்கிடையில் ஒரு துயரம் முழுவதும் விரிந்து கிடக்கின்றது. லோர்காவே அடுத்த ஆண்டு, 1936 ஆகஸ்டில், கிரனாதாவுக்கு அருகில் கொலையுண்டார் என்பதை அறிந்த நமக்கு அவ்வடிகள் அவரையும் குறிப்பனவாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இதனைத் தமிழில் பெயர்ப்போர் ‘மாலை’ என்று எழுதினால் பாதிப் பொருள் போய்விடும். நம் பேச்சுவழக்கிலோ ‘பொழுதாகிவிட்டது’ என்றொரு தொடர் உண்டு. மாலை வந்தது என்பதும் நேரம் கடந்தது என்பதும் அதனுள் ஒருங்கே அடங்கும். பண்டிதச் சொற்களைத் தேடுமுன் நம் தாய்மார்களின் பேச்சை மொழிபெயர்ப்பாளர் கேட்டுப்பார்க்க வேண்டும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இறுதியாக, தாமதம் இல்லமாகும் ஓர் இடம். முன்பு குறிப்பிட்ட ‘மோரா’ என்னும் இலத்தீன் வேரிலிருந்தே இரண்டு ஸ்பானிய வினைகள் பிறந்தன. ஒன்று ‘தெமொரார்’: தாமதித்தல். இலத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் ‘தர்தார்’ வரும் இடங்களில் இச்சொல்லே மிகுதியாக வழங்குகின்றது. மற்றொன்று ‘மொரார்’: குடியிருத்தல், உறைதல். அவ்வினை தந்த பெயர்ச்சொல் ‘மொராதா’, உறைவிடம். அவிலா நகர்ப் புனித தெரேசா தம் பெருநூலுக்கு இட்ட பெயர் ‘உள்ளரண்’ அல்லது ‘மொராதாஸ்’, அதாவது உறைவிடங்கள். ஆன்மாவை ஏழு உறைவிடங்கள் கொண்ட கோட்டையாகக் காணும் நூல் அது. தந்தையின் இல்லத்தில் உறைவிடங்கள் பல உண்டு என்னும் யோவான் நற்செய்திச் சொல்லே அதற்கு ஊற்று.

1577 சூன் 2ஆம் நாள் தொலேதோ நகரில் அவர் அந்நூலைத் தொடங்கினார். நவம்பர் 29ஆம் நாள் அவிலாவில் முடித்தார். இடையே பயணமும் அலுவல்களும் குறுக்கிட்டன. தொடங்கி ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகிவிட்டது, எழுதியதைத் திரும்பப் படிக்கவும் தலை இடந்தரவில்லை என்று ஐந்தாம் உறைவிடத்தைப் பற்றிய பகுதியில் அவரே குறிப்பிடுகின்றார். அவர் இறந்த பிறகு, 1588இல்தான், ஃபிராய் லூயிஸ் தே லெயோன் என்னும் துறவறப் புலவரின் பதிப்பாகச் சலமான்காவில் அந்நூல் அச்சேறியது. பிந்தியது என்று இதைச் சொல்வதா? உறைந்தது என்று சொல்வதா? ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு விரைந்து ஓடும் நூலன்று அது. ஒவ்வோர் அறையிலும் தங்குமாறு நம்மைப் பணிக்கின்றது. தங்குதல் இல்லாமல் இல்லம் இல்லை என்பதை மொழியின் வேரே அறிந்து வைத்திருக்கின்றது.

அப்படியாயின் லார்ராவின் மூன்று மாதத்திற்கும் தெரேசாவின் ஐந்து மாதத்திற்கும் வேறுபாடு யாது? கால அளவால் அதைக் கண்டறிய முடியாது. கால அளவை மட்டும் பார்த்தால் தெரேசாவே மிகுதியாகப் பிந்தியவர். விளக்கை அணைத்தவர் தம் நூலைவிட்டு விலகிச் சென்றார். மற்றவர் அலுவல்களுக்கிடையிலும் தம் நூலுக்குள்ளேயே குடியிருந்தார். லோப்பேயின் மனிதன் கதவைச் சாத்திக்கொண்டு பிந்தினான். செக்கரியா திருமுன்னிலையில் நின்று பிந்தினார். ஆகவே ஒரு தாமதத்தைக் காணும்போது திறனாய்வாளர் கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு காலம் என்பதன்று. இவர் எங்கே தங்கினார், அதுவரை வாசலில் நின்றவர் யார் என்பதே. பேதுருவின் இரண்டாம் திருமுகம், ஆண்டவர் காலந்தாழ்த்துவதாகச் சிலர் எண்ணுவது தவறு, அது அவர்தம் பொறுமை என்கின்றது. அங்கும் வுல்காத்தா ‘தர்தார்’ என்பதன் முன்னோரையே கையாள்கின்றது. நாம் அவருக்காகக் காத்திருக்கிறோம் என்று எண்ணியிருந்தோம். அவரன்றோ நமக்காகக் காத்திருக்கின்றார்! லோப்பே பாடலாக்கியதும் இதனையே.

வீட்டைவிட்டுப் புறப்படும் மகனிடமோ மகளிடமோ ஸ்பானியத் தாய் சொல்லும் எளிய சொற்றொடர் ஒன்று உண்டு: ‘நோ தார்தெஸ்’. அகராதியின்படி பெயர்த்தால் ‘தாமதிக்காதே’ என்றாகும். அது கண்டிப்பாக ஒலிக்கும். தாயின் குரல் அதில் இராது. நம் வீட்டு வாசல்களில் அதே வேளையில் ஒலிப்பது வேறு: “சீக்கிரம் வந்துவிடு.” சொல்லுக்குச் சொல் ஒத்துவராத அந்த மொழிபெயர்ப்பே சரியானது என்போம் நாம். ஏனெனில் இரண்டிலும் குற்றச்சாட்டு இல்லை. விளக்கை ஏற்றிவைத்து ஒருவர் காத்திருப்பார் என்னும் செய்தி மட்டுமே உண்டு.